‘எங்கட பரம்பரைப் பல்லே அப்பிடித்தான்’ என்று எழுதிய வாசகிக்கு

கேள்வி: எனக்கு 41 வயது. உப்புவெளியில் இருக்கிறோம், பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலையும் இரவும் தவறாமல் பல் தீட்டுவேன். இருந்தும் ஒரு வருடமாகத் துப்பும்போது இரத்தம் வருகிறது. வைத்தியசாலையில் பார்த்த பல் டொக்டர் சின்னக் கம்பி ஒன்றை முரசுக்குள் விட்டு அளந்துபார்த்து, கடைவாய்ப் பற்களில் 6 மில்லிமீற்றர் பள்ளம் இருக்கிறது, சுத்தம் பண்ண நாலு தடவை வரவேண்டும் என்றார். என் அம்மாவுக்கு 50 வயதுக்கு முன்பே பாதிப் பல் போய்விட்டது. சுத்தம் பண்ணிய பிறகுதான் பல் ஆடத் தொடங்கியது, எங்கட பரம்பரைப் பல்லே அப்பிடித்தான் என்று சொல்லுவா. என் கணவருக்கு வெற்றிலையும் சிகரெட்டும். பல் தீட்டுவது ஏனோதானோ என்றுதான். அவருக்கு ஒரு சொட்டு இரத்தம் வராது! ஏ.எல். உயிரியல் படிக்கும் மகள், முரசுக் கிருமி ஒட்டுவதற்கு ஒரு ‘ஜீன்’ இருக்கிறதாம் என்று எங்கோ வாசித்துவிட்டு வந்து சொன்னாள். அப்படியென்றால் இது பரம்பரையில் வருவதுதானா? அந்த ஜீனைச் சோதித்துப் பார்க்கலாமா? கிருமியைக் கொல்லக் குளிசை போட்டால் போதாதா? ஒரே கோப்பையில் சாப்பிட்டால் மகளுக்கும் தொற்றுமா?

பதில்: மகள் வாசித்தது சரிதான். ஆனால் அவள் சொன்ன ஜீன் அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்ததில்லை. அது கிருமியின் ஜீன். பள்ளிக்கூடத்தில் அதைப் பரம்பரையலகு என்று படித்திருப்பாள். சொல்லுக்குள்ளேயே ‘பரம்பரை’ இருப்பதால் வீட்டில் எல்லோருக்கும் அம்மம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது போலும். கிருமிக்கும் ஒரு அம்மம்மா உண்டு. அவ விட்டுப்போன சொத்தைப் பற்றித்தான் மகள் வாசித்திருக்கிறாள்.

இந்தக் கிருமியின் பெயர் போர்பிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ். பெயரின் பின்பாதிக்கு ‘முரசைச் சேர்ந்தது’ என்று பொருள். (தமிழக வாசகர்களுக்கு: நாங்கள் முரசு என்பது உங்கள் ஈறு.) மனித வாயில் ஏறக்குறைய 700 இனப் பற்றீரியாக்களைக் கண்டிருக்கிறார்கள், முரசு நோய் என்றதும் முதலில் பேர் அடிபடுவது இதற்குத்தான். பேராதனையில் பல் வைத்தியம் படித்த காலத்தில், இரத்தம் கலந்த அகார் தட்டில் இதை வளர்த்துக் காட்டினார்கள். முதல் சில நாட்கள் சாதுவான வெளிர் புள்ளிகள். ஒரு கிழமை ஆனதும் பார்த்தால் எல்லாம் கரிக்கறுப்பு. இரத்தத்திலுள்ள இரும்பு அடங்கிய ஹீமை எடுத்துத் தன் மேலேயே பூசிக்கொள்வதால் வந்த கறுப்பு அது. மூடியைத் திறந்தபோது வந்த நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். முரசு நோய்க்காரர் வாய் ஏன் மணக்கிறது என்று அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்டதில்லை. இரத்தம் இதற்குச் சாப்பாடு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் முரசில் கசிவது வீணாகப் போவதில்லை.

இந்தக் கிருமியின் மரபுத்தொகுதி, அதாவது அதன் முழு டி.என்.ஏ., ஏறக்குறைய 23 இலட்சம் எழுத்துகள் நீளம். அதில் 2,000 அளவில் பரம்பரையலகுகள். அவற்றில் ஒன்றுக்கு ஃபிம்-ஏ என்று பெயர். மகள் வாசித்தது அநேகமாக இதைப் பற்றித்தான் இருக்கும்.

அது என்ன செய்கிறது என்று சொல்ல எனக்கு நாயுருவிதான் கைகொடுக்கிறது. கன்னியாப் பக்கம் பற்றையோரமாக நடந்து வந்தால், வீட்டுக்கு வந்து பார்க்கும்போது சேலைக் கரையில் நாயுருவி விதைகள் வரிசையாக ஏறியிருக்கும். ஒன்றைப் பிய்த்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். நுனியில் விறைப்பான முட்கள் நிற்கும். அந்த முள்ளைக் கிள்ளிவிட்டால் அதுவும் தட்டினால் விழுகிற சாதாரண விதைதான். இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். பருத்திச் சேலையில் ஏறுகிற மாதிரி வழுக்குத் துணியில் அது நிற்காது. ஒட்டுவதற்கு விதையில் முள் வேண்டும், துணியில் அது மாட்டுகிற மாதிரி நூலும் வேண்டும். (பல்துலக்க நாயுருவி வேர் நல்லது என்று நம் பழைய ஆட்கள் சொல்வார்கள். ஒட்டுகிற செடியைக் கொண்டே ஒட்டினதைக் கழுவியிருக்கிறார்கள், பாருங்கள்!)

கிருமியிலும் அப்படி முட்கள் உண்டு. அதன் உடலைச் சுற்றி மயிர்போல நீண்ட இழைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் தடிப்பும் 5 நனோமீற்றர் அளவு. நம் தலைமயிர் ஒன்றின் அகலத்துக்குள் பத்தாயிரத்துக்கு மேல் பக்கம் பக்கமாக அடுக்கலாம். ஒரே புரதத்தை மணிமணியாகக் கோத்துச் செய்த மாலை அது. அந்த மணியைச் செய்யும் குறிப்புத்தான் ஃபிம்-ஏ. நூல் நம் பக்கம் இருக்கிறது. முரசின் கலங்கள் (செல்கள்) சுற்றியுள்ள இழையத்தை (திசுவை) பிடித்துக்கொண்டு நிற்க, தம் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்ற கைப்பிடிகளை வைத்திருக்கின்றன. கிருமியின் இழை அதே கைப்பிடியைப் போய்ப் பற்றுகிறது. உடும்புப்பிடிதான். உடும்பாவது வெளியே நின்று பிடிக்கும். இங்கே தன் கைப்பிடி பிடிபட்டதும் கலம் ஏமாந்து, பிடித்தவனையே உள்ளே இழுத்துக்கொள்கிறது. சில நிமிடங்களில் கிருமி கலத்துக்குள் இருக்கும். அங்கே நம் உடம்பின் காவல் அதைச் சுலபமாக எட்டாது, நீங்கள் போட நினைக்கும் குளிசையும் எட்டாது. குளிசைக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முள்ளைக் கிள்ளிப் பார்த்திருக்கிறார்களா என்று மகள் கேட்பாள். கேட்கவேண்டும், உயிரியல் படிக்கிற பிள்ளை. 1994இல் வெளியான ஒரு ஆய்வில் அதைத்தான் செய்தார்கள். ஃபிம்-ஏயைச் செயலிழக்கச் செய்த கிருமியை, வேறு கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் வாயில் விட்டார்கள். முழு இழைகளோடு இருந்த கிருமி எலியின் தாடை எலும்பைக் கரைத்தது. இழை இல்லாத கிருமியால் அந்த அளவுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. மற்றப் பரம்பரையலகுகள் எல்லாம் அப்படியே இருந்தும்.

அப்புறம், இந்த முள் எல்லாக் கிருமியிலும் ஒரே மாதிரி இல்லை. ஃபிம்-ஏயில் 1 முதல் 5 வரை வகைகளும், 1பி என்று ஒரு கிளையும் உண்டு. ஜப்பானின் ஒசாக்காவில் 2000ஆம் ஆண்டை ஒட்டி நடந்த ஆய்வுகளில், முரசு நோய்க்காரர்களிடம் 2ஆம் வகை அதிகம் அகப்பட்டது, அதற்கு அடுத்தது 4ஆம் வகை. முரசு நன்றாக இருந்தவர்களிடமும் இந்தக் கிருமி இருந்தது. ஆனால் அவர்களிடம் பெரும்பாலும் 1ஆம் வகை. பிறகு அதே குழு ஒரு கெட்டிக்கார வேலை செய்தது. 1ஆம் வகைக் கிருமியிலிருந்து அந்த ஒரு பரம்பரையலகை எடுத்துவிட்டு 2ஆம் வகையின் பரம்பரையலகை வைத்தார்கள். சாதுவாக இருந்த கிருமி கலங்களுக்குள் முன்னைவிட அதிகமாகப் புகுந்தது. 2ஆம் வகைக் கிருமியில் 1ஆம் வகையின் பரம்பரையலகை வைத்தபோது மூர்க்கம் குறைந்தது.

முள் மட்டும் போதாமல் இதனிடம் கத்தரிக்கோலும் இருக்கிறது. ஜின்ஜிபெயின் என்ற நொதியங்கள். ஆர்.ஜி.பி. என்று தொடங்கும் இரண்டு, கே.ஜி.பி. ஒன்று என மூன்று பரம்பரையலகுகள் இவற்றைச் செய்கின்றன. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபிம்-ஏ மணிகள் பிறக்கும்போது ஒரு மேல்மிச்சத்தோடு பிறக்கின்றன. அதை வெட்டினால்தான் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். வெட்டுவது இதே கத்தரிக்கோல். ஆர்.ஜி.பி. பரம்பரையலகுகளை நீக்கிய கிருமியில் இழைகளும் அநேகமாக இல்லாமல் போகின்றன. அத்தோடு நிற்பதில்லை. வெளியே வந்து நம் இழையத்திலுள்ள ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்களையும் அது மேலோட்டமாகக் கத்தரிக்கிறது. கத்தரித்த இடத்தில், முன்பு மறைந்திருந்த பகுதி வெளியே தெரிகிறது. இழைகளுக்குப் பிடிக்க அங்கே இன்னும் நல்ல இடம். தானே முள்ளைத் தீட்டி, தானே துணியையும் பிசிறடித்து நூலெழுப்பி வைத்துக்கொள்கிற ஒரு நாயுருவி விதையை நினைத்துப் பாருங்கள்.

சரி, இவ்வளவு கருவிகளோடு வருகிற கிருமியை ஒரு நைலோன் பிரஷ் என்ன செய்துவிடும் என்று இப்போது நினைப்பீர்கள். இங்கேதான் உங்கள் வீட்டுப் பேச்சு பிழையாகப் போகிறது என்பது என் எண்ணம். ஒரு கிருமியிடம் பரம்பரையலகு இருப்பது வேறு, அது வேலை செய்யக் கிடைப்பது வேறு. ஃபிம்-ஏக்கு மேலே ஃபிம்-எஸ், ஃபிம்-ஆர் என்று இரண்டு மேற்பார்வையாளர்கள் உண்டு. ஒன்று சுற்றுச்சூழலை மோப்பம் பிடிக்கும், மற்றது அது சொன்னதைக் கேட்டு இழை உற்பத்தியைக் கூட்டும் குறைக்கும். சூடு கூடினால் இழைகள் குறைவதை ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, இந்தக் கிருமிக்கு ஒட்சிசன் ஆகாது. கழுவித் துடைத்த பல்லில் வந்து குந்தியிருக்க அதால் முடியாது. அதற்கு முன்னால் வேறு ஆட்கள் வந்து பாய் விரிக்கவேண்டும்.

இதை எனக்கு விளக்கமாகச் சொல்லித் தந்தவர் ஒரு பேராசிரியர் இல்லை. சல்லிப் பக்கத்து மீனவர் ஒருவர். அவர் பல்லிலிருந்து நான் காரையை உடைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டு ‘டிக்’ என்று தட்டில் விழுந்தது. எழும்பி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பழுப்பும் கறுப்புமாக, ஒரு பக்கம் பல்லின் வளைவு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. “இது எங்கட வள்ளத்திர அடிதானே டொக்டர்” என்றார். “முதல்ல வழுவழுண்டு ஒரு பாசி பிடிக்கும். அதுக்கு மேலதான் சிப்பி வரும். பாசியா இருக்கேக்க வழிச்சாக் கையோட போகும். சிப்பிக்கு விட்டா உளிதான்.” அவ்வளவுதான் விஷயம். நான் ஒரு பருவம் முழுக்கப் படித்தது இது.

பல்லைத் துலக்கிய நிமிடத்திலிருந்தே எச்சிலின் புரதங்கள் அதில் மெல்லிய படலமாகப் படியத் தொடங்கும். அந்தப் படலத்தைப் பிடிக்கத் தெரிந்த ஸ்ரெப்ரோகொக்கஸ் இனங்கள் முதலில் வரும். அவற்றால் தனியே பெரிய கேடில்லை. ஆனால் அவற்றில் ஒன்றான கோர்டோனியின் மேலே நிற்கும் ஒரு புரதத்தை, நம் கறுப்புக் கிருமியின் இன்னொரு வகைக் குட்டை இழை போய்ப் பற்றிக்கொள்கிறது. அந்தக் குட்டை இழைக்குரிய பரம்பரையலகு எம்.எஃப்.ஏ-1. நடுவில் ஃபியூசோபக்டீரியம் என்று ஊசிபோல நீளமான ஒன்று வந்து, முன்னால் வந்தவர்களுக்கும் பின்னால் வருபவர்களுக்கும் பாலம் போடுகிறது. கிண்ணியாவுக்குப் பாலம் வந்த பிறகு போக்குவரத்து எப்படி மாறியது என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பாலக்காரனிடம் ஃபாட்-ஏ என்ற பரம்பரையலகும் உண்டு. நம் கலங்களை ஒன்றோடொன்று தைத்து வைத்திருக்கும் கேட்ஹெரின் என்ற புரதத்தைப் பற்றுவதற்கான கருவி அது. இவர்கள் எல்லாம் சேர்ந்து தடித்துப்போய், அடியில் ஒட்சிசன் இல்லாமல் ஆன பிறகுதான் போர்பிரோமோனாஸ் வசதியாகக் குடியேறுகிறது. ஆகவே நீங்கள் துலக்கும்போது அந்தக் கிருமியைத் துரத்துகிறீர்கள் என்று எண்ணவேண்டாம். அது வந்து உட்காரவிருக்கும் பாயைச் சுருட்டுகிறீர்கள். பாயில்லாத இடத்தில் 2ஆம் வகை முள்ளும் சும்மா முள்தான்.

1965இல் டென்மார்க்கில் 12 பேர், பெரும்பாலும் பல் வைத்திய மாணவர்கள், வேண்டுமென்றே பல் துலக்குவதை நிறுத்திப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் முரசு அழற்சி. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஒரு கிழமை அளவில் தெளிந்துவிட்டது. முரசு இரத்தம் கசிகிற கட்டம் இப்படி மீளக்கூடியது. எலும்பு கரைந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

காலையும் இரவும் துலக்கியும் உங்களுக்கு ஏன் இப்படி? கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒருமுறை துலக்கிப் பாருங்கள். ஆசிரியர்களில் பலர் காலையில் ஆறரை மணி அவசரத்தில் பல்லின் வயிற்றை மட்டும் தேய்த்துவிட்டு ஓடுவதை நான் கண்டிருக்கிறேன். பிரஷ் பல்லும் முரசும் சந்திக்கும் கோட்டில், முரசை நோக்கிச் சரிந்து நிற்கவேண்டும். நார்கள் அந்தக் கோட்டுக்குள் இலேசாக நுழைவது தெரியவேண்டும். அந்த இடத்தில் சின்னச் சின்ன அசைவு, அவ்வளவுதான். இரத்தம் வருகிற இடத்தைப் பயந்து விட்டுவிடுகிறீர்கள் என்பது என் ஊகம். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். அந்த இடத்துக்குத்தான் பிரஷ் கூடுதலாகத் தேவை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எந்தப் பிரஷும் போகாது. இடைவெளியில் விடுகிற சின்னப் பிரஷ் மருந்துக்கடைகளில் வாங்கலாம், இரவில் ஒருதடவை போதும். உமிக்கரி வேண்டாம். ‘ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி’ என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குச்சியாலும் இடைவெளிக்குள் போக முடியாது.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தாலும் 6 மில்லிமீற்றர் பள்ளத்தின் அடியை நீங்கள் எட்டப்போவதில்லை. முரசு விளிம்புக்குக் கீழே பிரஷ் நார் ஒரு மில்லிமீற்றர் போனாலே அதிகம். நல்ல முரசில் அளவு 1 முதல் 3 வரை இருக்கும். மிச்சத்துக்குள் இருப்பது சிப்பி. அதற்கு உளியோடு ஒருவர் வரத்தான் வேண்டும். அந்த டொக்டர் நாலு தடவை என்று சொன்னது, வாயை நாலு பங்காக்கி மரத்துப்போக ஊசி போட்டு வேரின் மேற்பரப்பு வரை வழித்துத் துப்புரவாக்க. தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவின் பல் கதைக்கு வருகிறேன். சுத்தம் பண்ணியதால் பல் ஆடியது என்பதை வாரத்துக்கு இரண்டு பேராவது எனக்குச் சொல்கிறார்கள். எலும்பு ஏற்கெனவே கரைந்த பற்களைக் காரை ஒன்றோடொன்று சேர்த்து, சீமெந்து பூசிய வேலிக்கட்டைபோல நிறுத்தி வைத்திருந்திருக்கும். காரை போனதும் உள்ள நிலைமை தெரிந்தது. வீங்கிய முரசு வற்றியதும் பல் நீண்டதுபோலவும் இருக்கும், குளிர்தண்ணீர் கூசும். அம்மாவிடம் இதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்பதுதான் பிழை, சுத்தம் பண்ணியது பிழையில்லை.

அப்படியானால் பரம்பரைக்கு ஒரு பங்கும் இல்லையா? உண்டு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், முரசு நோய் ஆளுக்காள் வேறுபடுவதில் சுமார் பாதிக்கு மரபு காரணம் என்று கணக்கிட்டார்கள். அது கிருமியின் மரபு இல்லை, நம்முடையது. கிருமிக்கு எதிராக நம் உடம்பு எவ்வளவு கோபப்படுகிறது என்பதில் வரும் வேறுபாடு. இதற்கு உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வு நம் நாட்டில்தான் நடந்தது. நோர்வேக்காரரான ஹரால்ட் லோவின் குழு 1970இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயை அளக்கத் தொடங்கி, 15 வருடம் திரும்பத் திரும்ப வந்து அளந்தது. பிரஷ், பற்பசை, பல் வைத்தியம் எதுவும் கிட்டாதவர்கள். எல்லோர் பல்லிலும் காரை, எல்லோர் முரசிலும் அழற்சி. ஆனாலும் 8 வீதமானோருக்கு நோய் வேகமாகப் பற்களைத் தின்றது, 81 வீதமானோருக்கு மிதமாக நகர்ந்தது, 11 வீதமானோருக்கு அழற்சிக்கு மேலே போகவே இல்லை. (அளந்தார்கள், அளந்தார்கள், அளந்துகொண்டே இருந்தார்கள் என்பதை வாசிக்கும்போது எனக்கு எப்போதும் ஒன்று நெருடும். அது வேறு கதை.) உங்கள் அம்மா அந்த 8 வீதத்தினரைப் போன்றவராக இருந்திருக்கலாம். நீங்களும் அந்தப் பக்கமாக இருக்கலாம். அப்படியென்றால் மற்றவர்களைவிடக் கவனமாக, ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்கொருமுறை காட்டவேண்டும் என்றுதான் அர்த்தம். பாதிப் பல்லைக் கழற்றிக் கொடுக்கவேண்டும் என்று எந்தப் பரம்பரையிலும் எழுதியிருக்கவில்லை. இரத்தத்தில் சீனியையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு வரை கூடும். உங்கள் வயதில் பலர் பல் டொக்டரிடம் வந்துதான் அது இருப்பதையே கண்டுபிடிக்கிறார்கள்.

கணவரைப் பார்த்துப் பொறாமைப்படவேண்டாம். புகைப்பவர்களின் முரசில் இரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும். அழற்சி இருந்தாலும் கசிவு தெரியாது. இரத்தம் வராததை நல்ல முரசு என்று எடுத்துக்கொண்டு, ஒரு நாள் பல் கையோடு வந்த பிறகு என்னிடம் வந்த ஆண்கள் நிறைய. அவர் வெற்றிலையும் போடுகிறார். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா, வாயை முழுதாகத் திறக்க இறுக்கமாக இருக்கிறதா என்று யாராவது பார்த்தாகவேண்டும். உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். துணைக்கு வரச்சொல்லுங்கள், போன இடத்தில் கதிரையில் ஏற்றிவிடலாம்.

ஜீன் சோதனைக்குக் காசு செலவழிக்கவேண்டாம். பள்ளத்திலிருந்து மாதிரி எடுத்து எந்த ஃபிம்-ஏ வகை என்று ஆய்வுகூடத்தில் சொல்ல முடியும், அது உண்மை. ஆனால் 2 என்று வந்தாலும் 1 என்று வந்தாலும் நான் எடுக்கப்போகிற கருவி ஒன்றே. நோயில்லாதவர் வாயிலும் அந்தக் கிருமி அகப்படும் என்பதையும் சொன்னேன். அந்தக் காசுக்கு இடைப்பிரஷ் ஒரு வருடத்துக்கு வாங்கலாம்.

குளிசை: படலத்துக்குள் அடைந்து கிடக்கும் கிருமிக்கும், காரைக்குள் இருப்பதற்கும், நம் கலத்துக்குள் புகுந்திருப்பதற்கும் மருந்து போய்ச் சேர்வது அரிது. வழித்துக் கலைக்காமல் குளிசை மட்டும் போட்டால் பத்து நாள் வீக்கம் வற்றும், பிறகு பழையபடி. மோசமான சிலருக்கு, துப்புரவு செய்வதோடு சேர்த்து அமொக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் கொடுப்போம். அதை டொக்டர் சொல்லட்டும், மருந்துக்கடைக்காரர் சொல்லவேண்டாம். குளோர்ஹெக்சிடின் வாய்கழுவியும் அப்படித்தான்: இரண்டு கிழமைக்குக் கைகொடுக்கும், பள்ளத்தின் அடிக்குப் போகாது, தேத்தண்ணி குடிக்கிற நமக்குப் பல்லில் மண்ணிறக் கறையும் வைக்கும்.

ஒரே கோப்பையில் தாராளமாகச் சாப்பிடுங்கள். எச்சில் வழியாக இந்தக் கிருமிகள் ஆள்மாறுவது உண்மைதான், கணவன் மனைவி இருவரிடமும் ஒரே வழிமரபுக் கிருமி அகப்பட்டதும் உண்டு. கிருமி போய்ச் சேர்வதோடு நோய் வந்துவிடுவதில்லை என்பதற்காகத்தான் பாய்க் கதையை அவ்வளவு நீட்டினேன். ஆனால் மகளின் வாயையும் ஒருதடவை காட்டிவிடுங்கள், வேறு ஒரு காரணத்துக்காக. அவள் வயதில் அரிதாக வரும் முரசு நோய் ஒன்று முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் தேடிப் பிடிக்கும், காரை பெரிதாக இராது. அதில் அடிக்கடி அகப்படும் கிருமி, அக்ரிகேற்றிபக்டர் என்று தொடங்கும் நீண்ட பெயர்க்காரர், ஒட்டுவதற்கென்றே 14 பரம்பரையலகுகளை ஒரே வரிசையில் வைத்திருக்கிறார். ராட் என்று அந்தத் தொகுதிக்குப் பெயர், ‘இறுகப் பிடித்தல்’ என்பதன் சுருக்கம். குடும்பத்தில் ஒருவருக்கு இளவயதில் பல் போயிருந்தால் அடுத்த தலைமுறையையும் எட்டிப்பார்ப்பது எங்கள் வழக்கம். அளந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

மகள் அடுத்துக் கேட்கப்போவதும் தெரியும்: அந்தக் கொக்கியை அடைக்க மருந்தில்லையா? முயல்கிறார்கள். கோர்டோனியின் புரதத்தில் கறுப்புக் கிருமி பிடிக்கும் அந்தத் துண்டை மட்டும் தனியே செய்து கொடுத்தால், குட்டை இழைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஏமாந்து நிற்கின்றன. எலிகளில் எலும்பு கரைவதும் குறைந்தது. கத்தரிக்கோலை முடக்கும் மருந்துகளையும் சோதித்துப் பார்க்கிறார்கள். இங்கே மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற நிலைக்கு அவை வரவில்லை. பல்கலைக்கழகம் போனால் அவளே பார்க்கட்டும்.

நாலு தடவையும் முடிந்து ஆறு எட்டுக் கிழமையில் மறுபடி கம்பி விட்டு அளப்பார்கள். அந்த எண்களைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 6 இருந்த இடத்தில் 4 வந்தால் எனக்கும் எழுதுங்கள். அம்மாவுக்கு மிச்சமிருக்கும் பற்களையும் அன்றைக்கே காட்டலாம். கட்டுப்பல் போட்டிருந்தால் அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள், இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கிறாவா என்றும் கேளுங்கள். நாலு பேராகப் போவதென்றால் வெள்ளனவே போய் நம்பர் எடுத்துவிடுங்கள். எட்டு மணிக்குப் பிறகு போனால் கிடைக்காது.